எண்ணூறு டாலருக்குக் கீழே

2025 ஜூலை 31, வியாழன்

நூல் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகத் துணி ரோலுக்கு அடியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் காலையில் வந்த ஒரு மின்னஞ்சல்.

நாங்கள் இணையத்தில் கடை வைத்திருக்கும் தளத்திலிருந்து வந்தது. அமெரிக்காவுக்குள் போகும் எண்ணூறு டாலருக்குக் குறைவான பார்சல்களுக்கு இதுவரை சுங்க வரி கிடையாது. ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் ரத்தாம். ஒற்றைப் பனியன் போனாலும் இனி வரி உண்டு.

மூன்று முறை படித்தேன். என் கடை மொத்தமும் அந்த எண்ணூறு டாலருக்குக் கீழேதான் இருக்கிறது. நான் விற்பது குழந்தைகள் பனியன். கழுத்தில் லேபிள் இருக்காது. தையல் உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரும். ஒரு நூல் நுனி பட்டாலும் தாங்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேர் அப்படி. அவர்களுக்காகத் தைப்பது. ஒன்று இருபத்துநான்கு டாலர். ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று தபாலில் போகும். ஐந்து வருடமாக இதுதான் என் தொழில். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசல் அறையில் இரண்டு மிஷின். நூர்ஜகான் அக்கா ஒன்றில், பிரேமா ஒன்றில். கட்டிங், செக்கிங், பேக்கிங் நான்.

வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது காட்டினேன். நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர், இந்த மாதிரிச் செய்தியெல்லாம் அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

"இது உனக்குன்னு போட்டதில்ல வாணி. ஒரு சின்னச் சந்து இருந்துச்சு, அது வழியா பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் கோடிக்கணக்கா பார்சல உட்டான். இப்ப அந்தச் சந்து வாயவே அடைக்கறாங்க. சைக்கிள்ல போனவங்களும் நிக்கோணும்."

"நின்னுட்டு என்ன பண்றதுங்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு ஷிப்டுக்குப் போறேன்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மகள் மிருதுளாவுக்குத் தலை வாரி, இட்லி கொடுத்து, உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பதிமூன்று வயதாகிறது, இன்னும் தலை வாரும்போது சீப்பைப் பிடித்துக்கொள்கிறாள். வாசல் அறையில் பஞ்சு பறக்கும். அவளுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு ஏற்கெனவே சொன்ன இருபத்தைந்து சதவீத வரியோடு இன்னொரு இருபத்தைந்து. ஆக, விலையில் பாதி. இருபத்துநான்கு டாலர் பனியன் முப்பத்தாறு ஆகும். முப்பத்தாறு டாலருக்கு ஒரு பனியனை நானே வாங்க மாட்டேன்.

ஆனால் இந்த வாரம் ஆர்டர் கொட்டுகிறது. 29ஆம் தேதிக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பிரேமா மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. "அக்கா, இப்படியே போனா தீவாளிக்கு நெளி மோதரம் எடுத்துருவேன்" என்கிறாள். அவளிடம் 29ஐப் பற்றி இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

திங்கள்கிழமை முதல் அமெரிக்காவுக்குத் தபாலில் பார்சல் வாங்க மாட்டார்கள். அந்த ஊரில் வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று எதுவும் தெளிவாகவில்லை, அதனால் நிறுத்தி வைக்கிறார்கள் என்று கவுன்டரில் இருக்கும் அம்மா சொன்னார். ஐந்து வருடமாக என் பார்சலை எடை போட்டவர். இன்று கொண்டுபோன நாற்பத்தொன்றையும் பொறுமையாகப் போட்டுக் கொடுத்தார். "அப்பறம் பாக்கலாங்க, திரும்பத் தொறப்பாங்க" என்றார்.

கையில் இன்னும் இருபத்தாறு ஆர்டர். தனியார் கொரியரில்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவு மூன்று மடங்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆர்டர் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஆர்டர் இல்லை. ஊசிகளைப் பிரித்து வைத்தேன். கட்டிங் டேபிளைத் துடைத்தேன். மிருதுளாவுக்கு நகம் வெட்டினேன்.

செப்டம்பர் 3, புதன்

அவிநாசியிலிருந்து பெரியம்மா மகள் பத்திரிகை வைக்க வந்தாள். அவள் கொழுந்தன் கல்யாணம். "எல்லாரும் வரோணும். பாப்பாவையும் கூட்டீட்டு வா" என்றாள். ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, அவரை மட்டும் அனுப்புகிறேன் என்றேன். நூர்ஜகான் அக்கா ஓடாத மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நூல்கண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 6, சனி

ஒஹாயோவிலிருந்து டெனிஸ் எழுதியிருக்கிறாள். என்னிடம் முதல் வருடத்திலிருந்து வாங்குகிறவள். மகன் பெயர் ஓவன். நாலு வயது அளவிலிருந்து ஒன்பது வயது அளவு வரை அவனுடைய பனியன் ஒவ்வொன்றும் இந்த டேபிளில்தான் வெட்டியது. கொரியரில் அனுப்பிய இருபத்தாறு ஆர்டரில் அவளுடைய மூன்று பனியனும் போயிருந்தன. எழுபத்திரண்டு டாலர் சாமானுக்கு வாசலில் ஐம்பத்துநான்கு டாலர் கேட்டிருக்கிறார்கள். வரி முப்பத்தாறு, அதை வசூலித்துக் கட்டிய கூலி மீதி.

"கட்டிவிட்டேன். ஓவன் உங்கள் சட்டை போட்டால்தான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுவான். ஆனால் இனிமேல் என்னால் முடியாது, வாணி. உங்கள் மேல் கோபமில்லை" என்று எழுதியிருந்தாள்.

மற்றவர்களில் ஒன்பது பேர் கட்ட மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. விலையைப் பார்த்து வாங்கினார்கள், வாசலில் கேட்டது நாம் சொன்ன விலை இல்லை.

பதிலில் டெனிஸுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ஓவனின் அளவில் துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினேன். அங்கே யாராவது தைத்துக் கொடுக்கட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிரேமாவிடம் சொல்லிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் வேலைதான் தர முடியும் என்று. தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி நூலை அறுத்தாள்.

"கம்பெனிலயும் ஆள் நிறுத்தறாங்களாம்க்கா. ஈரோட்டுல ஜவுளிக்கடைக்குத் தீவாளி வரைக்கும் ஆள் கேக்கறாங்க. போகட்டுமா?"

"போ கண்ணு. திரும்பி வரோணும்னா வா."

அவளுடைய கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்தேன். சாயங்காலம் முழுவதும் வீடு அமைதியாக இருந்தது. ஒரு மிஷின் சத்தத்துக்கும் இரண்டு மிஷின் சத்தத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் உண்டு என்று நினைத்ததில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நூர்ஜகான் அக்கா தொழுகைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பேச்சை எடுத்தார்.

"ஏங்கண்ணு, பல்லடத்துல எம்மக வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல ஒரு புள்ள இருக்குது. ஏழு வயசு. தன்ஷிகான்னு பேரு. யூனிபாரம் போட்டாலே கத்துதாம். ஸ்கூல்ல, யூனிபாரம் போட்டு அனுப்புங்க, இல்லீன்னா வீட்டுலயே வெச்சுக்கங்கன்னு சொல்லீட்டாங்களாம். நாம தெச்சுத் தரலாமே."

வேண்டாம் என்றேன். இங்கே யார் இந்த விலைக்கு வாங்குவார்கள் என்றேன். இருபத்துநான்கு டாலர் என்றால் இரண்டாயிரம் ரூபாய், பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் ஒரு சட்டைக்கு இரண்டாயிரம் கொடுப்பாரா என்றேன்.

"அதுல தபாலுக்கும் அந்த இணையத்துக்காரனுக்கும் போனது எவ்வளவு? துணியும் கூலியும் எவ்வளவு? நீதான கண்ணு எனக்கே சொன்ன, பாதிக்கு மேல அங்கயே போயிருதுன்னு."

அது உண்மைதான். தபால், தளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி எல்லாம் போனால் எழுநூறு ரூபாய்க்கே கொடுக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்றேன். உள்ளூர் ஆட்கள் வந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், கதை கேட்பார்கள், வேலை கெடும் என்றேன்.

அக்கா உள்ளறைக் கதவை ஒரு முறை பார்த்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவர் மிருதுளாவை வண்டியில் உட்கார வைத்து வஞ்சிபாளையம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். கூட்ஸ் ரயில் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு இது நடக்கிறது. நான் போவதில்லை. வெயில்.

திரும்பி வந்ததும், "ஸ்டேஷன் மாஸ்டர் இவள பேர் சொல்லிக் கூப்புடறாரு. உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எதுக்கு ஊருக்கெல்லாம் பேரச் சொல்லிக்கிட்டு?"

"பேரு வெச்சது எதுக்கு?"

மதியம் ஆட்டுக்குடல் குழம்பு. அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 20, சனி

டெனிஸிடமிருந்து மறுபடியும் கடிதம். பேட்டர்னுக்கு நன்றி சொல்லி, கடைசியில் ஒரு வரி: "உங்கள் ஊரிலும் ஓவனைப் போன்ற பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் உங்களிடம்தானே வாங்குகிறார்கள்?"

நல்ல மனதோடு கேட்டிருக்கிறாள். எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த மிஷினை மறுபடியும் துடைத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

இதை எழுதத்தான் டைரியை எடுத்தேனோ என்னவோ.

நாலு வருடத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு கல்யாணம். மிருதுளாவுக்கு ஒன்பது வயது. பட்டுப்பாவாடையும் ஜரிகை வைத்த ஜாக்கெட்டும் நான்தான் போட்டுவிட்டேன். உறுத்தும் என்று எனக்குத் தெரியாதா? எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கும், ஒரு மணி நேரம்தானே என்று போட்டுவிட்டேன். அமெரிக்காவில் முகம் தெரியாத பிள்ளைக்குத் தையலை வெளியே திருப்பித் தைத்த கை, சொந்தப் பிள்ளைக்கு ஜரிகை மாட்டியது.

தாலி கட்டும் நேரத்தில் அவள் கத்த ஆரம்பித்தாள். ஜாக்கெட் கையைக் கிழித்துக்கொண்டு தரையில் உருண்டாள். மேளம்கூட ஒரு கணம் நின்றது. வீடியோ எடுத்தவர் திரும்பி எங்களை எடுத்தார். பின்வரிசையில் யாரோ, "இந்த மாதிரிப் புள்ளைய வெளிய கூட்டீட்டு வராம இருந்திருக்கலாம்" என்றார்கள்.

அவர்கள் சொன்னது ஒரு நாள். நான் அதைக் கடைப்பிடித்தது நாலு வருடம்.

கதவைச் சாத்துவது பஞ்சுக்காக இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நூர்ஜகான் அக்காவிடம், அந்தப் பல்லடத்துப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லுங்கள் என்றேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். மிஷினைத் தொடக்கூடாத நாள் என்பதால் அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

மேகலா முப்பது வயதுகூட இருக்க மாட்டாள். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். தன்ஷிகா வாசலிலேயே நின்றுகொண்டாள். பழைய பெட்டிகோட் ஒன்று மட்டும் போட்டிருந்தாள். அது சலவையில் இழை விட்டு மெத்தென்று இருந்தது.

"இது ஒன்னுதாங்க போட்டுக்குவா. ரெண்டு வருசமா இதே. துவச்சு, காயற வரைக்கும் கொடிக்குக் கீழயே நிப்பா" என்றாள் மேகலா. சொல்லும்போது சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடச் சட்டையை வாங்கிப் பார்த்தேன். பாலியஸ்டர். காலருக்குள் அட்டை மாதிரிக் கெட்டித் துணி. உள்பக்கம் முழுவதும் ஓரம் பிரியாமல் அடித்த ஓவர்லாக் தையலின் முடிச்சு. பெரியவர்களுக்கே அரிக்கும்.

அதே வெளிர் நீலத்தில் பனியன் துணி எடுக்கலாம், காலரை ஒற்றைத் துணியில் மடிக்கலாம், முன்பக்கம் மூடித் தைத்து மேலே சும்மா பட்டன் வைக்கலாம், பட்டன் உடம்பில் படாது என்று விளக்கினேன். மேகலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விலை கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

உள்ளறைக் கதவு சாத்தியேதான் இருந்தது. எழுதியதை எல்லாம் உடனே செய்துவிட முடிவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. காலை பத்து மணிக்கு மேகலாவும் தன்ஷிகாவும் வந்தார்கள். நூர்ஜகான் அக்காவும் ஞாயிறு என்று பார்க்காமல் வந்திருந்தார். என் வீட்டுக்காரரும் வீட்டில்தான் இருந்தார்.

இரண்டு நாள் செலவழித்துத் தைத்த சட்டை. எனக்கே பெருமையாக இருந்தது. தன்ஷிகா ஒரு கையை விட்டாள். இன்னொரு கையை விட்டாள். கழுத்து வரை வந்தது. அப்புறம் முகம் சுருங்கியது. சட்டையை இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "ஊம், ஊம்" என்று ஒரே சத்தம்.

மேகலா கீழே கிடந்த சட்டையை எடுத்து மடித்தாள். "பரவால்லீங்க்கா. நீங்க இவ்வளவு பண்ணுனதே பெருசு" என்றாள். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. நான் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

மிருதுளா வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேகலாவிடம் போய் அவள் கையிலிருந்த சட்டையை வாங்கினாள். உள்பக்கம் வெளியே திருப்பினாள். கட்டைவிரலை வைத்து, இடது தோளிலிருந்து கழுத்து வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் நின்றது.

"இங்க" என்றாள்.

நூர்ஜகான் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். காலர் சேரும் இடத்தில், பட்டனுக்குப் போட்ட நைலான் நூலின் ஒரு துண்டு தையலுக்குள் மாட்டியிருந்தது. எள்ளுக்கும் சின்னது. நான் இரண்டு முறை செக்கிங் செய்த சட்டை அது. என் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியவில்லை.

அக்கா அதைப் பிரித்து எடுத்துத் திரும்பத் தைத்தார். மிருதுளா பக்கத்திலேயே நின்று, தைத்து முடித்ததும் வாங்கி மறுபடியும் தடவினாள். பிறகு தன்ஷிகா நின்ற சுவர் ஓரமாகப் போய்ச் சட்டையைத் தரையில் விரித்து வைத்துவிட்டு, நாலு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நானாக இருந்தால் பிள்ளைக்குப் போட்டுவிட முயன்றிருப்பேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். தன்ஷிகா குனிந்து சட்டையை எடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள்.

போட்டுக்கொண்டு நின்றாள்.

மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவங்க யாருங்க்கா?" என்று மிருதுளாவைக் காட்டிக் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்காக விட்டுவைத்தார்.

"என்ற பொண்ணுங்க. மிருதுளா. இவளுக்குத் தெச்சுத்தான் நான் இந்த வேலையே கத்துக்கிட்டேன்" என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

மேகலா போனில் ஏழே வார்த்தை: "போட்டுட்டுப் போயிட்டாங்க்கா. மத்தியானம் வரைக்கும் ஸ்கூல்லருந்து கூப்புடல யாரும்."

அக்டோபர் 11, சனி

மேகலா ஏதோ பெற்றோர் வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறாள். நேற்றிலிருந்து போன் ஓயவில்லை. பொள்ளாச்சி, தாராபுரம், கோவை சரவணம்பட்டி. எல்லோரும் கேட்பது ஒன்றே: தீபாவளிக்குப் புதுத் துணி. "எம்பையனுக்குப் பத்து வயசுங்க. இதுவரைக்கும் ஒரு தீவாளிக்கும் புதுசு போட்டதில்லீங்க" என்று ஒரு அப்பா சொன்னார்.

முப்பத்தெட்டு உருப்படி, எட்டு நாள். பிரேமாவுக்குப் போன் போட்டேன். ஜவுளிக்கடையிலேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்களாம், சம்பளமும் பரவாயில்லையாம். நல்லது என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய மிஷினில் நானே உட்கார்ந்தேன்.

உள்ளறையிலிருந்து மிருதுளாவின் நாற்காலியை எடுத்து வந்து டேபிளுக்கு அந்தப் பக்கம் போட்டேன். தைத்த ஒவ்வொன்றையும் அவள் விரல் பார்த்துத்தான் விடுகிறது. பத்துக்கு ஒன்று திரும்பி வருகிறது. நூர்ஜகான் அக்கா, "முப்பது வருசம் தெச்ச கைய ஒரு சின்னப்புள்ள ரிஜெக்ட் பண்ணுது" என்று அலுத்துக்கொள்கிறார், சிரித்துக்கொண்டே.

பஞ்சு அவளை ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

தபாலில் அமெரிக்கப் பார்சல் நேற்று முதல் மறுபடியும் வாங்குகிறார்கள். வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டிவிடலாம். வாசலில் போய் யாரையும் அதிர வைக்க வேண்டியதில்லை. ஆனால் வரி வரிதான்.

இன்றே இன்னொரு கடிதமும் வந்தது. லொரெய்ன் என்று ஒருத்தி, டெனிஸின் ஊரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறாளாம். ஓவனின் சட்டையையும் நான் அனுப்பிய பேட்டர்னையும் டெனிஸ் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். தைக்க அங்கே ஆள் இல்லை. "உங்களிடம் மொத்தமாக வாங்கி என் கடையில் வைக்கிறேன், வரி என் பொறுப்பு" என்று எழுதியிருந்தாள். அடுத்த பத்தி இது:

"ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சலுகையை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. என் கடையில் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து அளவு தெரிந்துகொண்டு, கடைக்குள் நின்றபடியே போனில் ஆர்டர் செய்வார்கள். நான் வாடகையும் வரியும் கட்டுகிறேன், தபாலில் வருவதற்கு ஒன்றுமில்லை. பதினேழு வருடக் கடையைப் போன வருடம் மூட இருந்தேன். அந்தப் பக்கத்தில் உங்களைப் போல ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை."

படித்துவிட்டு அடுப்பில் வைத்திருந்த ரசத்தை மறந்தேன். இவள் போட்ட கையெழுத்தில்தானே பிரேமா போனாள் என்று நெஞ்சு கொதித்தது. பதில் எழுத மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம முக்குல இருந்த ரெடிமேட் கடை எப்ப மூடுனாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் இருக்குங்க. எதுக்கு?"

"அங்க நீ கடைசியா எப்பப் போன?"

யோசித்தேன். பெட்ஷீட், துண்டு, அவருக்கு லுங்கி எல்லாமே போனில் வாங்கியவைதான். அந்தக் கடைக்காரர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் பாப்பா சௌக்கியமா என்று கேட்பார்.

"அவளும் கடைக்காரி, நீயும் கடைக்காரி. எழுதிப் போடு" என்றார்.

அக்டோபர் 18, சனி

லொரெய்னுக்கு எழுதினேன். கோபத்தையும் எழுதினேன், என்னிடம் ஒருத்திக்கு வேலை போனது என்று. அதன் கீழே மொத்த விலையையும் எழுதினேன். தனித்தனியாக விற்றபோது கிடைத்ததில் பாதிகூடக் கையில் நிற்காது. ஆனால் ஒரே பெட்டி, ஒரே முறை வரி. முதலில் அறுபது உருப்படி கேட்கிறாள். விற்றால் பார்க்கலாம் என்றுதான் அவளும் சொல்கிறாள், வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. போனைத் திறந்தால் படம் படமாக வருகிறது. கம்பி மத்தாப்பைத் தள்ளிப் பிடித்தபடி ஒரு பையன், மாடிப்படியில் படுத்துக்கொண்டு ஒரு பெண், காதைப் பொத்தியபடி இரண்டு பேர். எல்லோரும் புதுசு.

மிருதுளா கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவளே தேர்ந்தெடுத்தது.

நவம்பர் 3, திங்கள்

ஆர்டர் முன்புபோல் இல்லை. ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஏழு. ஆனால் முக்கால்வாசி பஸ்ஸில் போகும் தூரம். அடுத்த மாதம் இன்னொரு தையல்காரரைச் சேர்க்கலாம் என்று நூர்ஜகான் அக்கா சொல்கிறார். மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மிருதுளாவை இன்று தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கவுன்டர் அம்மாவிடம், என் மகள் என்றேன். "இத்தன வருசமா சொல்லவேயில்லையே" என்றார். ஆமாங்க என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அறுபதும் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. லொரெய்ன் ஒன்று மட்டும் கேட்டிருந்தாள். அலமாரியில் சட்டைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன அட்டை. யார் செய்தது, எதற்காக என்று நாலு வரி.

என் இணையக் கடையில் அதற்கென்று ஒரு பத்தி ஐந்து வருடமாக இருக்கிறது. "எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்காகத் தொடங்கினேன்" என்று. அதையே எடுத்து எழுதப் போனேன். பேனா போகவில்லை. கிழித்தேன். இன்னும் இரண்டு காகிதம் கிழித்தேன். நாலாவதில், "என் மகளுக்காகத் தொடங்கினேன். இந்தச் சட்டை ஒவ்வொன்றையும் அவள் தொட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறோம்" என்று எழுதினேன். அடுத்த வரிக்கு முன்னால் நின்றேன். பெயர் அவளுடையது. கேட்காமல் போடக் கூடாது.

"கண்ணு, உம்பேர இதுல எழுதட்டுமா? தூரத்து ஊருல நிறையப் பேரு படிப்பாங்க."

அவள் தடவிக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். காணாமல் போனால் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதை, ஒரு வார்த்தை விடாமல், நேராக உட்கார்ந்து சொன்னாள்.

"என் பேரு மிருதுளா. அப்பா பேரு லோகநாதன். அம்மா பேரு கோகிலவாணி. வீடு வேலம்பாளையம்."

போன் நம்பரையும் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எழுது" என்றாள்.

எழுதினேன். போன் நம்பரைத் தவிர எல்லாவற்றையும்.